காருக்கு விட்ட இடம்

கார் வாங்காமல் பிரிட்டோரியாவை விட்டு வரமாட்டேன் என்று வீம்பு பிடிக்கும் என் ராசாவுக்கு,

ஆண்பிள்ளைச் சடங்கு முடிந்து, நம் மகன் சனிக்கிழமை மலையிறங்குகிறான். அந்த நாளில், சுவரில் படம் வரைவதற்கே பேர்போன ந்டெபெலே இனத்துக்காரி வீட்டுச் சுவர் பழசாக இருக்கலாமா? புதிதாக வரைந்துவிட்டேன். மின்விளக்கு, மாடிப்படி, விமானம் என்று நம்மிடம் இல்லாததெல்லாம் சுவரில் இருக்கிறது.

போட்டோ எடுக்க வந்த பெண், "வாசல் பக்கம் மட்டும் ஏன் வெள்ளையா விட்டிருக்கீங்க?" என்று கேட்டாள். நான் வாயைத் திறக்குமுன் பக்கத்து வீட்டு ஃபிரான்சினா முந்திக்கொண்டாள். "அது இவ புருஷனோட கார் நிக்கிற இடம்மா! வண்டி நம்பர் தெரியாம எப்படி வரையறது?"

எல்லோரும் சிரித்தார்கள். நானுந்தான் சிரித்தேன்.

பேசாமல் பஸ்ஸில் வாருங்கள். பஸ்ஸையே வரைந்துவிடுகிறேன். இறங்கும்போது நம்பரை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
பஸ்ஸை வரையக் கோழி இறகைச் சாயத்தில் தோய்த்து வைத்திருக்கும் உங்கள் பெண்டாட்டி