வெள்ளிப் படலத்தின் சாட்சி

நிலவின் தென்துருவ நிலையம், பனி உருக்கும் அறை. எழுதுவது கோமதிநாயகம்.

காலை 9.10
வழக்கமான வேலை. படலம் பச்சை, காற்று சுத்தம். எனக்குப் பின் வருபவருக்காக எழுதுகிறேன்: கதவருகே இருக்கும் தபால்தலை அளவு வெள்ளிப் படலம் நான் வடிவமைத்தது. அதில் ஒளியே நுழைய முடியாத அளவு நுண்ணிய துளைகள். ஆனாலும் வெள்ளியின் எலக்ட்ரான்கள் அலையடித்து ஒளியை மறுபக்கம் கடத்திவிடும். பனியிலிருந்து அழுகிய முட்டை வாடையுள்ள கந்தக விஷவாயு கசிந்து படிந்தால் பச்சை சிவப்பாகும். வாயு வெளி அறைக்குப் பரவாதபடி கதவும் காற்றுக் குழாயும் தாமே மூடிக்கொள்ளும். தங்கத்தில் செய்யச் சொன்னார்கள். வெள்ளிதான் கூர்மை என்று சண்டை போட்டு ஜெயித்தேன்.

மதியம் 12.40
ஜலதோஷம், மூக்கடைப்பு. உருக்கும் தட்டில் ரசம் வைத்தேன். வாசனையே தெரியாததால் கட்டிப் பெருங்காயத்தைத் தாராளமாகப் பொரித்தேன். வெளி அறையில் இருக்கும் பெனிட்டாவுக்கும் ஒரு குவளை எடுத்து வைத்தேன். இந்த நிலையத்தில் என்னைத் தவிர அந்தத் தூத்துக்குடிப் பெண் ஒருத்திதான்.

மதியம் 12.55
படலம் சிவப்பு. கதவு மூடிவிட்டது. அட முட்டாளே, பெருங்காயத்திலும் கந்தகம்! கதவைத் திறக்கும் சக்கரம் வெளிப்பக்கம். வெறும் ரசம்தான், திற என்று பெனிட்டாவிடம் ஒலிபெருக்கியில் சொன்னேன்.

மதியம் 1.30
பெனிட்டா: “அண்ணாச்சி, ரசம்னு நீங்க சொல்லுதது நெசமாவே இருக்கும். ஆனா நீங்கதான சொல்லிக் குடுத்திய? வாயு ஏறுனவன் என்ன வேணாலும் பேசுவான், ஆளை நம்பாத, படலத்தை நம்புன்னு.”
தினமும் ஒப்பிக்க வைத்தவனே நான்தான்.

மதியம் 2.15
உபரிப் படலத்தின் உறையைப் பிரித்துக் கதவுக் கண்ணாடியில் காட்டினேன். பச்சை! அவள் சக்கரத்தில் கை வைத்தாள். இங்கே அறை முழுக்கப் பெருங்காயம். படலம் மஞ்சளாகி, சிவந்தது. அவள் கையை எடுத்துவிட்டாள்.

மாலை 4.20
மூச்சு வாங்குகிறது. தலை விண்விண்ணென்று தெறிக்கிறது. பெனிட்டா அழைத்த மீட்பு வண்டி வர இரவாகும். குழாய் மூடியதால் குளிரூட்டல் நின்று, பனித் தொட்டி மூடியோரம் குமிழ் விடுகிறது. இப்போது நிஜமாகவே கசிகிறதோ என்னவோ. ஏற்கெனவே சிவந்த படலம் இனி எதையும் சொல்லாது. பயமாக இருக்கிறது.

மாலை 4.50
பெனிட்டா: “என்னால முடியல அண்ணாச்சி. வாரது வரட்டும், நான் தெறக்கப் போறேன்.”
“தெறக்காத. அழுகுன முட்டை வாடை அடிக்கி. படலம் சொன்னதுதான் சரி” என்றேன். அழுதுகொண்டே சக்கரத்தை விட்டுவிட்டாள்.

மாலை 5
அது பொய். மூக்கு இன்னும் அடைத்துத்தான் இருக்கிறது. ஒரு வாடையும் தெரியவில்லை. வெறும் ரசமாகவே இருக்கலாம். இதை எடுப்பவர் தயவுசெய்து அவளிடம் காட்ட வேண்