மண்ணுக்குப் போகாத பெட்டி

அன்புள்ள பாப்பாவுக்கு,

நான் சுகம், நீயும் அப்படியே இருக்க வேண்டும். உன் அப்பாவுக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை, முகத்தைத்தான் இரண்டு நாளாகத் தூக்கி வைத்திருக்கிறார். எல்லாம் நீ வடிவமைத்த க்ரீம் பெட்டியால் வந்தது.

க்ரீம் நன்றாக இருக்கிறது, வாசனை மட்டும் கொஞ்சம் ஈரப் புல் மாதிரி. வெறும் பெட்டியைப் பூந்தொட்டியில் புதைத்து, ஒரு மாதம் கழித்துத் தோண்டிப் படமெடுத்து அனுப்பச் சொல்லியிருந்தாய். வீட்டு மண்ணிலேயே மட்குகிறது என்று காட்டினால்தான் உன் முதலாளியம்மா சம்மதிப்பார், இல்லாவிட்டால் பழையபடி பிளாஸ்டிக் டப்பாதான் என்றாய். எனக்கு முட்டி வலி, குனிய முடியாது, அப்பாவிடம் கொடுத்தேன். தினமும் தண்ணீர் ஊற்றினார். நான் கிட்டே போனாலே கலைக்காதே என்பார். என்ன பொறுப்பு என்று நானும் நம்பினேன். முந்தாநாள் அவர் கடைக்குப் போனபோது முட்டி வலியைப் பொறுத்துக்கொண்டு பழைய கரண்டியால் தோண்டினேன். வந்தது நம் குளியலறை சோப்பின் அட்டை. வழவழ அட்டை, ஒரு மூலைகூட இளகவில்லை. அதிலிருக்கிற பெண் பல்லெல்லாம் மண்ணாகச் சிரிக்கிறாள்.

உன் பெட்டி பீரோவில், அவருடைய இஸ்திரி போட்ட சட்டைகளுக்கு நடுவில் இருந்தது. ஈரம் படாமலிருக்க பிளாஸ்டிக் பையில் போட்டு, இரண்டு முடிச்சு. மட்க வேண்டிய பெட்டிக்குப் பிளாஸ்டிக் காவல். சிரிப்பதா தலையில் அடித்துக்கொள்வதா தெரியவில்லை. ஏன் இப்படி என்று கேட்டேன். பெட்டியைக் கவிழ்த்து, அடியில் பொடி எழுத்தில் வடிவமைத்தவர் என்று உன் பெயர் இருக்கும் இடத்தைக் காட்டினார். "பொண்ணு பேரு போட்டிருக்குடி. இதைப் போய் எப்படி மண்ணுல போட்டு மூடுவேன்?"

பக்கத்து வீட்டுத் தையல்காரியும் அவர் கட்சி. க்ரீம் உங்களுக்கு, பெட்டி எனக்கு என்றிருந்தால் நூல்கண்டு வைத்திருப்பேனே அக்கா என்கிறாள். படம்தானே வேண்டும், தண்ணீரில் ஊறப் போட்டுக் கிழித்து மண் பூசிவிடலாம் என்று யோசனை வேறு. நான் வேண்டாம் என்றுவிட்டேன். அது மட்கியது ஆகாது, உன் வேலைக்குப் பொய் சாட்சி ஆகும். முதலாளியம்மாவிடம் நடந்ததைச் சொல்லி இன்னும் ஒரு மாதம் கேள். பெட்டியை யாரும் தூக்கிப் போட மாட்டேன் என்கிறார்கள் என்பதையும் சொல். மூடியிலேயே பெரிய எழுத்தில் புதைக்கவும் என்று போடு. இல்லையென்றால் அடுத்த தடவை கொஞ்சம் சுமாராக வரை.

இன்று காலை அப்பா தன் கையாலேயே புதைத்தார். நான் நாற்காலி போட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். மண்ணை மெதுவாகத்தான் போட்டார், தூங்குகிற பிள்ளைக்குப் போர்த்துகிற மாதிரி.

வேளைக்குச் சாப்பிடு, திரையையே பார்த்துக் கழுத்தை ஒடித்துக்கொள்ளாதே. நினைத்ததெல்லாம் கைகூடி நீ நிறைவாக இருக்க வேண்டும். ஒன்றை மறக்காதே. அடுத்த மாதம் அனுப்பும் படத்தில் பெட்டிக்கு அடிப்பக்கம் இருக்காது. அது முதலில் மட்கிவிட்டது என்று முதலாளியம்மாவிடம் சொல்லிவிடாதே. புதைக்குமுன் அப்பா கத்தரிக்கோல் கேட்டார், நானும் கொடுத்துவிட்டேன். இப்போது உன் பெயர் அவர் சட்டைப் பையில் இருக்கிறது.

உன் பிரியமுள்ள
அம்மா