சிரிப்பு வரும் இடத்தில் நிறுத்தியது

ஜனவரி 6

என் செல்ல வாலுவுக்கு, பாட்டி உச்சி முகர்ந்து எழுதுவது.

முதலில் நம் வீட்டுப் பிள்ளைகளின் சேதி. உன் அண்ணன் ஆஸ்பத்திரியில் இதய வைத்தியப் பிரிவுக்கே தலைவனாகிவிட்டான். அறை வாசலில் பித்தளைப் பலகையில் பெயர் போட்டிருக்கிறார்களாம். உன் பெரியம்மா மகள் இப்போது பெரிய விமானம் ஓட்டுகிறாள். போன வாரம் நம் வீட்டுப் பக்கமாகத்தான் பறப்பேன் என்றாள். மாடியில் நின்று கை ஆட்டினேன். எது அவளுடையது என்று தெரியாததால் போன எல்லாவற்றுக்கும் ஆட்டினேன். கடைக்குட்டி ஓட்டப் பந்தயத்தில் முதலாக வந்து, கோப்பையை என் மாத்திரை டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறான்.

அப்புறம் நீ. வீட்டுக்கு யார் வந்தாலும் கூடத்துச் சுவரில் மாட்டியிருக்கிற போட்டோக்களை ஒவ்வொன்றாகக் கைத்தடியால் தொட்டுக் காட்டுவேன். வெள்ளைக் கோட்டில் அண்ணன், தொப்பியோடு அவள், கோப்பையோடு இவன். உன் கல்யாணப் போட்டோ வந்ததும் குரலைக் கொஞ்சம் ஏற்றிக்கொள்வேன். "உலகத்துல எந்த வீட்டு டிவி ஓடினாலும் அதுல எங்க வாலு கை இருக்கு" என்பேன். எதிர்வீட்டுத் தையல்காரி இருக்கிறாளே, அவள் சும்மா இருப்பாளா? "எங்க வீட்டுல படம் ஓடாம வட்டம் மட்டும் சுத்திக்கிட்டு நிக்குதே, அதுவும் உங்க பேத்தி கைதானா?" என்று கேட்டாள். "அது உன் வீட்டு ஒயரு" என்றேன்.

உன்னிடமிருந்து கடிதம் வந்து எவ்வளவு காலம் ஆகிறது, நீயே சொல். போனில் பேசினால் என் காதுக்கு நீ தண்ணீருக்குள்ளிருந்து பேசுவது போல இருக்கிறது. எழுத்துதான் எனக்குச் சரி. ஐந்தாவது வரை படித்ததற்கு அந்த ஒரு பலனாவது வேண்டாமா? டிவியில்கூடக் கீழே ஓடுகிற எழுத்தைப் படித்துத்தான் கதை தெரிந்துகொள்கிறேன். இப்போதெல்லாம் அதுவும் தப்புத் தப்பாக வருகிறது. ஒருத்தி தலையில் அடித்துக்கொண்டு அழுகிறாள், கீழே "வாழ்த்துகள்" என்று ஓடுகிறது. யாரடி எழுதுகிறார்கள் அதை?

கடிதம் வராவிட்டாலும் உன் சேதி எனக்கு வந்துகொண்டுதான் இருக்கிறது. டிவியைப் போட்டதும் யார் பார்க்கிறீர்கள் என்று நாலு முகம் வருமே. உன் அம்மாவுக்குப் பூ, எனக்குக் கண்ணாடி போட்ட ஆந்தை, உனக்கு வால் நீண்ட குரங்கு, மாப்பிள்ளைக்குத் தொப்பிக்காரர். ஒரு நாள் கை தவறிக் குரங்கை அழுத்திவிட்டேன். நீ எதை எதுவரை பார்த்தாய் என்று வரிசையாகப் போட்டிருந்தது. அன்றிலிருந்து சாப்பிட்டு முடித்ததும் உன் பக்கத்தை ஒரு முறை பார்க்காவிட்டால் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. வாசலில் நின்று உன்னை எட்டிப் பார்ப்பது மாதிரி.

அந்த முயல் பொம்மைப் படத்தைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறாய். சின்ன வயதில் காய்ச்சல் வந்தால் மட்டும்தான் அதைக் கேட்பாய். உடம்புக்கு என்ன?

மாப்பிள்ளையின் பக்கத்தில் ஒரு கப்பல் வெடிக்கப் போகிற இடத்தில் அப்படியே நிற்கிறது. பல மாதமாக நிற்கிறது. அவர் வெளியூரில் வேலையாக இருக்கிறாரா?

உன்
பாட்டி

ஜனவரி 24

அன்புள்ள பாட்டி,

ஒற்று வேலைக்கு எங்கள் கம்பெனியில் உன்னைச் சேர்த்துக்கொள்ளலாம். உடம்புக்கு ஒன்றுமில்லை, சளிதான். முயல் படம் சும்மா ஓடிக்கொண்டிருக்கும். வீட்டில் ஏதாவது ஒரு சத்தம் வேண்டுமே.

எழுத்து ஏன் தப்பாக வருகிறது என்று கேட்டாயே. அதை எழுதியவர்கள் எங்கள் மாடியில்தான் உட்கார்ந்திருந்தார்கள். இப்போது இயந்திரம் எழுதுகிறது. அவர்கள் இருந்த பக்கம் விளக்கைக்கூடப் போடுவதில்லை. என் பக்கத்து நாற்காலிக்காரருக்கும் போன மாதம் வேலை போய்விட்டது. அவர் வைத்துவிட்டுப் போன செடிக்கு நான்தான் தண்ணீர் ஊற்றுகிறேன். முன்பெல்லாம் வாரத்துக்கு ஒரு புதுத் தொடர் வரும். இப்போது புதிதாக எடுப்பது குறைந்துவிட்டது. ஏற்கெனவே பணம் கட்டிப் பார்க்கிறவர்களிடமே எப்படி இன்னும் கொஞ்சம் வாங்குவது என்றுதான் எல்லாக் கூட்டத்திலும் பேச்சு.

அதில்தான் எனக்கு வேலை. ஒருவர் பணம் கட்டுகிறார், அவருடைய அத்தை, மாமா, நண்பன் எல்லோரும் அவரவர் வீட்டிலிருந்து அதே கணக்கில் பார்க்கிறார்கள். எந்த டிவி ஒரே வீட்டில் இருக்கிறது, எது வேறு வீட்டில் இருக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் எங்கள் குழுவின் வேலை. ஒரு கணக்குக்கு ஒரு வீடு. இது நன்றாக ஓடினால் எங்கள் குழு பிழைக்கும்.

மார்ச் முதல் தேதியிலிருந்து நம் வீட்டு டிவியும் ஒரே வீடா என்று கேள்வி கேட்கும். பயப்படாதே. உனக்கும் அம்மாவுக்கும் தனிக் கணக்கு வாங்கித் தருகிறேன். எல்லாப் படமும் அதில் இருக்கும்.

அவர் வெளியூரில்தான் இருக்கிறார். நீ கவலைப்படாதே. உனக்கு மட்டும் ஒன்று சொல்கிறேன், சிரிக்கக் கூடாது. கல்யாணத்துக்கு முன்னால் அவர் வேறு ஊரில் இருந்தபோது எங்களுக்குள் ஒரு விளையாட்டு. என் பக்கத்தில் ஒரு சிரிப்புப் படத்தைப் போட்டு, சரியாகச் சிரிப்பு வரும் இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் நிறுத்தி வைத்துவிடுவார். நான் திறந்தால் அங்கிருந்து ஓடும். கொஞ்ச நாளாக அது மறுபடி ஆரம்பித்திருக்கிறது பாட்டி. வேலையிலிருந்து வந்து தட்டோடு உட்கார்ந்தால் ஏதாவது ஒன்று காத்திருக்கும். பேசாவிட்டாலும் இப்படி ஒன்று இருக்கிறதே.

அதனால் நீ எட்டிப் பார், ஆனால் எதையும் அழுத்திவிடாதே. இடம் மாறிவிடும். உனக்கு ரிமோட்டில் அம்புக்குறி மட்டும்தான் தெரியும் என்பதால் எனக்குத் தைரியம்.

உன்
வாலு

பிப்ரவரி 8

வாலுக் குட்டிக்கு,

உன் கடிதத்தைப் பல தடவை படித்தேன். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி படித்தேன்.

நேற்று அந்தச் சமையல்காரன் மாவு மூட்டைக்குள் தலைகுப்புற விழுகிற படம் உன் பக்கத்தில் நின்றதே, பார்த்தாயா? சிரித்தாயா? அவன் மாடிப்படியில் கால் வைக்கிற இடத்தில் நிறுத்தியிருந்தது சரியாக இருந்ததா, இல்லை, இன்னும் கொஞ்சம் தள்ளி இருந்திருக்க வேண்டுமா? சாப்பாட்டை முழுசாகச் சாப்பிட்டாயா? இதற்கெல்லாம் எனக்கு விவரமாகப் பதில் எழுது.

தனிக் கணக்கு வாங்கித் தருகிறேன் என்கிறாய். எல்லாப் படமும் இருக்கும் என்கிறாய். இருக்கட்டும். குரங்கு முகம் இருக்குமா? நாலு முகமும் ஒரு வரிசையில் நிற்கும்போது நாம் எல்லோரும் ஒரே பாயில் படுத்திருக்கிற மாதிரி எனக்கு ஒரு எண்ணம். ஒரே வீடா என்று டிவி கேட்டால், கேட்பதற்கு அது யார்? உனக்கு முதல் பல் விழுந்தது இந்தக் கூடத்தில். அது விழுந்த இடத்தை நான் காட்டுவேன். அந்தக் கணக்கு உங்கள் இயந்திரத்தில் வருமா?

பெரிய வேலையில் இருக்கிறாய். உன் கையில்தான் எல்லாம் இருக்கிறது என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறேன். சட்டத்தை எல்லோருக்கும் போடு, கம்பெனி பிழைக்கட்டும். நம் வீட்டை மட்டும் கண்டும் காணாமல் விட்டுவிட முடியாதா? எனக்காகக் கேட்கவில்லை. எதற்காக என்றும் கேட்காதே. தையல்காரியிடம்கூட நான் இதுவரை ஒன்றும் கேட்டதில்லை. ஒரு பித்தான் கேட்டால்கூட ஒரு வாரம் பேசுவாள். உன்னிடம் கேட்கிறேன்.

மாப்பிள்ளை போனில் பேசுகிறாரா?

உன்
பாட்டி

பிப்ரவரி 27

பாட்டி,

சட்டத்தை வெளியே விடுவதற்கு முன்னால் எங்கள் சொந்தக் கணக்குகளில் போட்டுச் சோதிப்போம். திங்கட்கிழமை என் கணக்கைப் போட்டேன். எந்த வீடுகளிலிருந்து யார் யார் பார்க்கிறார்கள் என்று திரையில் வரும். உண்மையைச் சொல்கிறேன், எனக்கு உள்ளூர ஆசையாக இருந்தது. அவர் எந்த வீட்டிலிருந்து எனக்காகப் படத்தை நிறுத்தி வைக்கிறார் என்று தெரியுமே.

இரண்டே வீடுதான் வந்தது. என் வீடு. உன் வீடு.

தொப்பிக்காரர் பக்கத்தைப் போன வருஷத்திலிருந்து யாரும் திறக்கவில்லை. குரங்குப் பக்கத்தை மட்டும் இரண்டு வீட்டிலிருந்தும் திறக்கிறார்கள். உன் வீட்டில் தினமும் மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம்.

பின்னால் நின்ற மேனேஜர், "ரொம்பத் தெளிவான உதாரணமா இருக்கே. ஒரே பக்கம், ரெண்டு வீடு. இதையே கூட்டத்துல காட்டிடு" என்றார். காட்டினேன். எல்லோரும் தலையாட்டினார்கள்.

ஏன் சொல்லவில்லை நீ? அந்தக் கடிதத்தைப் படித்த பிறகும் மாவு மூட்டையை வைத்தாய். அதைப் பார்த்துச் சிரித்துவிட்டு அவருக்குப் போன் போட்டேன், தெரியுமா? "நிறுத்தி வச்சதுக்கு தேங்க்ஸ்" என்றேன். "எதை?" என்றார். வேண்டுமென்றே தெரியாதது போலக் கேட்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைத்துக்கொள்ளவும் ஒரு முட்டாள் வேண்டும்.

வெளியூர் என்று சொன்னது பொய். அவர் போய்விட்டார் பாட்டி. சண்டை இல்லை, இன்னொருத்தி இல்லை. "உன்கூட இருக்கும்போதும் தனியா இருக்கிற மாதிரியே இருக்கு" என்றார். நான் அப்போது மடியில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு நிமிஷம் என்றேன். செருப்பு அலமாரியில் பாதி காலியாக இருக்கிறது. அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. நீ சுவரைக் காட்டிக் குரலை ஏற்றிப் பேசும்போது எப்படிச் சொல்வேன்?

நம் வீட்டை விட முடியாது. விதிவிலக்குக் கேட்டால் ஏன் என்று எழுதித் தர வேண்டும். என்ன எழுதுவேன்? ஒன்றாம் தேதி அடைத்துவிடும்.

உன்மேல் கோபமா என்று எனக்கே தெரியவில்லை. இரண்டு நாளாக டிவியைப் போடவில்லை. சாப்பிட உட்கார்ந்தால் கை தானாக ரிமோட்டுக்குப் போகிறது.

வாலு

மார்ச் 10

என் தங்கத்துக்கு,

நீ சொன்னது போலவே ஒன்றாம் தேதி டிவி கேட்டது. நீங்கள் இந்த வீட்டைச் சேர்ந்தவர்தானா என்று. உன் அம்மா என்னைப் பார்த்தாள். நான் ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டேன். கேள்வி கொஞ்ச நேரம் நின்றது, பிறகு நாலு முகமும் போய்விட்டது.

நான்தான் வைத்தேன். அம்புக்குறி மட்டும் தெரியும் என்றாயே, கடைக்குட்டியிடம் மீதியையும் கேட்டுப் படித்துக்கொண்டேன். முயல் படத்தைப் பார்த்ததும் நீ சரியாகச் சாப்பிடுவதில்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. சின்னதில் நீ லேசில் வாயைத் திறக்க மாட்டாய். உன் அம்மா மிரட்டிப் பார்ப்பாள், கெஞ்சிப் பார்ப்பாள். நான் முகத்தைக் கோணிக்கொண்டு காட்டுவேன். சிரிப்பில் வாய் திறக்கும். அந்த நேரம் பார்த்து ஒரு வாய் ஊட்டிவிடுவேன். இப்போது கை எட்டாத தூரத்தில் இருக்கிறாய். அதனால் சிரிப்பு வரும் இடமாகத் தேடிப் பிடித்து நிறுத்தினேன். காது கேட்காததால் எழுத்தைப் படித்து, ஆள் விழுவதைப் பார்த்து, பின்னால் தள்ளி, முன்னால் தள்ளி, மதியம் முழுக்க அதே வேலைதான்.

உன் கடிதம் வந்த அன்றே நான்தான் என்று எழுத உட்கார்ந்தேன். அந்தக் கடிதத்தில் அவரைப் பற்றி எழுதிய இடம் மட்டும் சிரித்துக்கொண்டே எழுதியது போல இருந்தது. எழுத்துகூடக் கொஞ்சம் சாய்ந்து ஓடியது. அதில் கை வைக்க எனக்கு மனசு வரவில்லை. நீ பிழைத்துக் கிடக்கிறாய், எதைப் பிடித்துக்கொண்டு பிழைத்தால் என்ன என்று நினைத்தேன். நீ அவருக்குப் போன் போடுவாய் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அது என் தப்பு.

உன் அம்மாவிடம் நான் சொல்லிவிட்டேன். நீ சொல்லட்டும் என்றுதான் இருந்தேன், ஆனால் அவள் நான் அழுவதைப் பார்த்துவிட்டாள். முந்தானையால் என் முகத்தைத் துடைத்தாள். பிறகு, "லீவு போட்டுட்டு வரச் சொல்லு. வரலைன்னா நான் போறேன்" என்றாள். துணிப் பையைப் பரண் மேலிருந்து எடுத்துக் கீழே வைத்திருக்கிறாள். அவள் உன்னைப் போலத்தான், சொன்னால் செய்துவிடுவாள்.

நீ சாப்பிடுகிறாயா, எதைப் பார்க்கிறாய், எங்கே நிறுத்தினாய் என்று இனி எனக்குத் தெரிய வழியில்லை. மதியத்தில் கை சும்மா இருக்கிறது. அதனால் நீதான் எழுத வேண்டும். நல்ல சேதிதான் எழுத வேண்டும் என்றில்லை. இன்று பாதித் தட்டோடு எழுந்துவிட்டேன் என்று ஒரு வரி எழுதினாலும் போதும்.

நேற்று தையல்காரி வந்தாள், கூடவே அவள் நாத்தனாரும். வழக்கம் போலச் சுவரைக் காட்ட ஆரம்பித்தேன். வைத்தியன், விமானக்காரி, கோப்பை. அடுத்தது உன் இடம். "மாப்பிள்ளை எப்படி இருக்கார்?" என்றாள் தையல்காரி. வெளியூர் என்று வாய் வரை வந்தது. சொல்லவில்லை. "பேத்தி இப்போ தனியா இருக்கா. வேலை செய்யுறா, பக்கத்து நாற்காலிக்காரர் விட்டுட்டுப் போன செடிக்குத் தண்ணி ஊத்துறா" என்றேன். குரலைக் குறைக்கவில்லை. அவள் எழுந்து வந்து என் ரவிக்கைக் கையில் பிரிந்திருந்த தையலைப் பார்த்துவிட்டு, கழற்றிக் கொடுங்கள் என்று வாங்கிக்கொண்டு போனாள்.

அவள் போனதும் கல்யாணப் போட்டோவைக் கழற்றித் துடைத்து என் பெட்டிக்குள் துணிக்கு நடுவில் வைத்துவிட்டேன். உடைக்கவில்லை, கிழிக்கவில்லை. உனக்கு எப்போது வேண்டுமோ அப்போது கேள்.

சுவரில் அந்த இடம் மட்டும் வெளுப்பாக இருக்கிறது. ஆணி அப்படியே இருக்கிறது. குரங்கும் இல்லை, நீயும் இல்லை என்றால் நான் எதைப் பார்த்துச் சாப்பிடுவேன்? ஒரு புதுப் போட்டோ எடுத்துத் தபாலில் அனுப்பு. போனில் அனுப்பாதே, அது உன் அம்மா போனுக்குள்ளேயே கிடக்கும். நீ மட்டும் இருந்தால் போதும். சிரிக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. வாய் கொஞ்சம் திறந்திருக்கட்டும், மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன்.

உன்
பாட்டி