கடைசி வரியை ஒட்டாமல் விட்டிருக்கிறேன்

என் வாயாடி மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் அப்பாவும் அக்காவும் சௌக்கியம், நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு, தொண்டையைக் காயவிடாமல் நன்றாக இருப்பாய் என்று நம்பித்தான் பேனாவை எடுத்தேன். போனில் சொன்னால் ஆகாதா என்று அப்பா கேட்டார். போனில் நீ பாதியிலேயே குறுக்கே விழுந்து பேசுவாய், நானும் சொல்ல வந்ததை மறந்து போர்வையைத் துவைத்தாயா என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவேன். கடிதத்தில் உன்னால் வாயைத் திறக்க முடியாது பார். அக்கா இதைப் போட்டோ எடுத்துப் பாட்டோடு சேர்த்து அனுப்பிவிடுவாள். அவளுக்கு வேலை பக்கத்திலேயே மாற்றலாகிவிட்டது, நடந்தே போய் வருகிறாள், முகத்தில் கொஞ்சம் சதை போட்டிருக்கிறது. அப்பா மாடிப்படியில் கைப்பிடியைப் பிடிக்க மாட்டேன் என்று வீம்புக்கு இறங்கி, வழுக்கி, கணுக்கால் வீங்கிக் கிடந்தார். வீக்கம் வடிந்துவிட்டது, வீம்புதான் வடியவில்லை.

இப்போது உன் பாட்டுக்கு வருகிறேன். உன் அறையிலேயே இருபது தடவைக்கு மேல் பாடிப் பதிவு செய்து, ஒன்றையும் திரும்பக் கேட்காமல் மொத்தத்தையும் என் தலையில் கட்டிவிட்டாய். ஸ்டுடியோவில் என் பிழைப்பே இதுதான், பாடுகிறவர்கள் திரும்பத் திரும்பப் பாடியதில் நல்லதையெல்லாம் பொறுக்கி ஒரே பாட்டாக ஒட்டுவது. யார் யார் குரலையோ கண்ணை மூடிக்கொண்டு வெட்டிய கை, வீட்டுக்குக் கொண்டுவந்து உட்கார்ந்தும் உன் குரல் என்றதும் தயங்கியது. தொண்டையில் கட்டி எடுத்த பிறகு நீ பாடும் முதல் பாட்டு. வாரக் கடைசிக்குள் இசையமைப்பாளர் கேட்கிறார், இது சரியாக வராவிட்டால் பாடுவதையே விட்டுவிடுகிறேன் என்று வேறு எழுதியிருந்தாய். அதைப் படித்ததிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அந்தப் பயத்தில் என்ன செய்தேன் தெரியுமா, நீ பாடிய ஒவ்வொரு டேக்கிலும் இருந்த சுத்தமான சொல்லை மட்டும் எடுத்தேன். ஒரு சொல்லுக்கு ஒரு டேக், சில இடத்தில் ஒரே சொல்லின் தலை ஒன்றிலிருந்து, வால் இன்னொன்றிலிருந்து. மூச்சுச் சத்தத்தைக்கூட விடாமல் துடைத்தேன். ஒரு பிசிறு இல்லை. பெருமையாக அப்பாவைக் கூப்பிட்டுப் போட்டுக் காட்டினேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "நல்லாத்தான் பாடுறான், யாரு இந்தப் பையன்?" என்றார். கிண்டல் என்றுதான் முதலில் நினைத்தேன். அவருக்கு நிஜமாகவே தெரியவில்லை. பெற்ற அப்பாவுக்கே அடையாளம் தெரியாதபடி பிள்ளையைத் துடைத்து வைத்திருக்கிறேனே என்று எனக்கு வந்த ஆத்திரத்துக்கு, அவர் கேட்ட டீயைக்கூடப் போட்டுக் கொடுக்கவில்லை.

எல்லாவற்றையும் கலைத்துவிட்டு மறுபடி உட்கார்ந்தேன். பக்கத்து வீட்டு நாய் குரைத்ததும் அதைத் திட்டிவிட்டு ஒரு டேக் பாடியிருக்கிறாய் இல்லையா, அந்தக் கோபத்தில் உனக்குப் பயப்பட மறந்துபோயிருக்கிறது. அதையே அப்படியே முழுப் பாட்டுக்கும் அடிப்படையாக வைத்துக்கொண்டேன். பல்லவியில் ஒரு சொல் மூக்கடைத்தாற்போல் இருந்தது, சரணத்தில் நாய் மறுபடி ஒரு தடவை குரைத்திருந்தது, அந்த இடங்களுக்கு மட்டும் மற்ற டேக்குகளிலிருந்து எடுத்து வைத்தேன், அதுவும் வரிக்கு முந்தைய மூச்சோடு சேர்த்து. அப்பா அடுத்த அறையிலிருந்து நொண்டிக்கொண்டே வந்து, "இது நம்ம பையனாச்சே" என்றார். எனக்குப் போன உயிர் வந்தது.

ஆனால் கடைசி வரி இருக்கிறதே, அங்கேதான் நீ என்னைப் படுத்திவிட்டாய். எந்த டேக்கை எடுத்தாலும், அந்த உச்சிக்கு ஏறுகிற இடத்தில் மைக்கை விட்டு நகர்ந்துபோகிறாய், குரலைச் சுருக்கிக்கொள்கிறாய். தொண்டை கிழிந்துவிடும் என்று பயம், எனக்குத் தெரியாதா. ஒன்றும் கிடைக்காமல், மிச்சம் மீதி ஏதாவது இருக்குமா என்று ஃபைலின் வால் வரை ஓடவிட்டேன். நீ ரெக்கார்டிங்கை நிறுத்த மறந்து தண்ணீர் குடிக்கப் போயிருக்கிறாய். குழாய் திறக்கிற சத்தம், டம்ளர் வைக்கிற சத்தம், அதற்கு நடுவே அதே வரியைப் பாடுகிறாய் கண்ணா, முழுக் குரலில், எந்தத் தயக்கமும் இல்லாமல், அந்த உச்சியில் நின்று நிதானமாக இறங்குகிறாய். பிசிறு தேடியே பழகிய காது என்னுடையது. திரும்பத் திரும்பப் போட்டுத் தேடினேன், ஒன்றுகூட இல்லை. அழுதுவிட்டேன். அப்பா பதறிப்போய், "என்னாச்சு, அழிஞ்சுபோச்சா?" என்று நொண்டலையும் மறந்து ஓடிவந்தார். ஹெட்போனை அவர் காதில் மாட்டினேன். அப்புறம் அதை அவரிடமிருந்து வாங்குவதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

அந்தத் துண்டை எடுத்துக் குழாய்ச் சத்தத்தை நீக்கி ஒட்டியிருக்க முடியும். இசையமைப்பாளருக்குத் தெரியவே தெரியாது. நான் ஒட்டவில்லை. ஒட்டினால், அம்மாதான் ஏதோ செய்து ஏற்றிவிட்டாள் என்று ஆயுசுக்கும் நினைத்துக்கொண்டிருப்பாய், அடுத்த பாட்டிலும் நகர்ந்து நகர்ந்து போவாய். அதனால் கடைசி வரியில் இசை மட்டும் ஓடும், குரல் இருக்காது. குழாயடித் துண்டைத் தனியாக அனுப்பியிருக்கிறேன். டாக்டர் தொண்டை ஆறிவிட்டது என்றார், நீ நம்பவில்லை, நான் சொன்னேன், அம்மா அப்படித்தான் சொல்வாள் என்றாய். இப்போது உன் குரலே சொல்கிறது, அதனிடம் போய் வாயாடு பார்க்கலாம்.

வெறும் வயிற்றில் பாடாதே. ஜன்னலைச் சாத்திக்கொள். மைக்கை விட்டு ஓர் அடிகூட நகராமல் அந்த வரியை ஒரே ஒரு தடவை பாடி அனுப்பு. இரண்டாவது டேக் வந்தால் திறக்கக்கூட மாட்டேன். நீ அனுப்புவதில் ஓர் இழையை வெட்டவும் மாட்டேன், ஒட்டவும் மாட்டேன், எப்படி வருகிறதோ அதுதான் பாட்டு. உடம்பும் மனசும் தெம்பாக, கேட்பவர்கள் காது குளிர நீ பல்லாண்டு பாட வேண்டும்.

இப்படிக்கு,
உன் குரலுக்கு இடம் விட்டுக் காத்திருக்கும்
அம்மா