படையல் ரம்

பெள்ளியப்பா,

பெங்களூருக்குப் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தாயா? குடகு ஆரஞ்சு கேட்டாயே, பையை இங்கேயே மறந்துவிட்டாய்.

நேற்று முன்னோருக்குப் படைத்த ரம்மில் பாதிக்குமேல் தண்ணீர். கலந்தவள் உன்னைப் பெற்ற நான்தான். படையல் முடிந்ததும் ஆளுக்கொரு வாய் குடித்தாக வேண்டுமே, உனக்கு அந்த ருசி பிடித்துவிடக் கூடாது என்றுதான். "குடி அவன் ரத்தத்துலயே இருக்கு அண்ணி" என்று உன் சித்தப்பா சொன்னபோது, "என் பையன் தொட்டதே இல்லை" என்று சண்டைக்குப் போனேன்.

நீ ஒரே வாய் குடித்துவிட்டு, "யாரு அவ்வா இதுல தண்ணி ஊத்துனது?" என்றாய். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

உன் அப்பா சாகும்வரை அவர் பாட்டிலிலும் இப்படித்தான் கலந்துவைப்பேன். முதல் வாயிலேயே கண்டுபிடித்துவிடுவார். அவர் காலமெல்லாம் குடித்தவர்.

உனக்கு எப்படிடா தெரிந்தது?

அவ்வா