பூட்டிய அறையில் மேனேஜரோடு

அன்புள்ள அப்பாவுக்கு வணக்கம். அம்மாவின் முழங்கால் வலி இப்போது தேவலையா? நான் சௌக்கியம்.

ஸ்டேடியத்தில் காவல் வேலை என்றதும், ஓசியில் ஃபுட்பால் பார்ப்பேன் என்று சந்தோஷப்பட்டீர்களே! எங்களை மைதானத்துக்கு முதுகு காட்டித்தான் நிறுத்துகிறார்கள். ஜனங்களின் முகம் மட்டும்தான் தெரியும்.

நேற்றும் எங்கள் அணி தோற்றது. "நடுக்களத்துல ஆளே இல்ல! மேனேஜரே, வெளிய போ!" என்று கூட்டம் வாசலை மறித்துக்கொண்டது. அணியின் மேனேஜரை ஓர் அறையில் வைத்துப் பூட்டி, துணைக்கு என்னையும் உள்ளே விட்டார்கள். பயப்படாதீர்கள், எனக்கு ஒரு கீறல்கூட இல்லை.

"நடுவுல எங்க தம்பி கோட்டை விட்டோம்? நீ பாத்தியா?" என்று அவர் கேட்டார்.

"ஆட்டத்தப் பாக்கல சார். கத்துறவங்க முகத்தத்தான் பாத்தேன். கோபத்தவிட அழுகதான் அதிகமா இருந்துது."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "நானும் போறேன்னுதான் சொல்றேன். ஒப்பந்தம் முடியாம விட மாட்டேங்கறாங்க."

"எனக்கும் அதே கதைதான் சார்" என்று வாய்தவறிச் சொல்லிவிட்டேன். அவர் நகர்ந்து, பெஞ்சில் எனக்கு இடம் விட்டார்.

ஆமாம் அப்பா, ஒப்பந்தம் முடியும்வரை லீவு கிடையாதாம். அம்மாவிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். என் கட்டிலை மட்டும் பிரித்துப் பரணில் போட்டுவிடாதீர்கள்.

சூப்பர்வைசர் கூப்பிடுகிறார். கட்டில் அப்படியே இருக்கட்டும்.

உங்கள் பெரியவன்