‘இன்’ என்றால் இல்லை

பிப்ரவரி 4, செவ்வாய்

இன்றும் ஆங்கிலக் கடிதத்தைப் புதுசிடம்தான் கொடுத்தார்கள். வாங்கிய மூன்றாம் நாளே துணியைக் கிழித்த சலவை இயந்திரம். புகார் எழுதியவர் எங்கள் கம்பெனியை நார்நாராகக் கிழித்திருந்தார். பதினான்கு வருடமாக இந்தப் புகார்ப் பிரிவில் உட்கார்ந்து பதில் எழுதுகிறேன். தமிழில் எழுதினால் எப்பேர்ப்பட்ட கோபக்காரரையும் ஒரே பக்கத்தில் சமாதானம் செய்துவிடுவேன். ஆங்கிலம் என்றால் மட்டும் போன வருடம் வந்த அந்தப் பெண். வந்து எட்டே மாதம்! புதுசு, புதுசு என்று கூப்பிட்டு அதுவே அவள் பெயராகிவிட்டது.

மேடம் அடுத்த மாதக் கடைசியில் ஓய்வு பெறுகிறார். பிரிவுத் தலைவர் நாற்காலி யாருக்கு? எனக்குத்தான் வர வேண்டும். வேறு யாருக்கு வந்தாலும் என்னால் தாங்க முடியாது. இங்கேயாவது ஒளிக்காமல் எழுதிவைக்கிறேன்.

பிப்ரவரி 9, ஞாயிறு

ஆங்கிலச் சொற்களுக்கு ஒரு தடிப் புத்தகம் வாங்கிவிட்டேன். வேர்ச்சொல்லை வைத்துப் படிக்கும் முறை. ஒரு வேரைப் பிடித்தால் இருபது சொல் கூடவே வந்துவிடுமாம். முதல் பக்கத்திலேயே கண்டிப்பு: அகராதியைத் தொடாதே, சொல்லை உடை, அர்த்தத்தை நீயே கண்டுபிடி.

‘லோக்’ என்றால் பேச்சு. லொக்வேஷியஸ் என்றால் ஓயாமல் பேசுகிறவர். வீட்டுக்காரரிடம் அவரையே உதாரணமாகச் சொன்னேன். “வளவளன்னு பேசறவன்னு சொல்லிட்டுப் போயேன். அதுக்கு எதுக்கு லொக்கு லொக்குன்னு இருமறே?” என்றார். சிரிப்பு வந்தது. காட்டிக்கொள்ளவில்லை.

பிப்ரவரி 16

‘மால்’ — கெட்டது. ‘ஸ்பெக்ட்’ — பார்ப்பது. ‘இன்’ — இல்லை. நம்முடைய ‘இன்மை’ மாதிரியே இருக்கிறது, செத்தாலும் மறக்காது. பஸ்ஸில் வரும்போது கடைப் பலகைகளையெல்லாம் உடைத்துக்கொண்டே வந்தேன். இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விட்டேன்.

பிப்ரவரி 27, வியாழன்

வேர்ப் பாடம் முடிந்தது. இனி ஒரு பாடத்துக்கு ஒரு தலைப்பு, அதைச் சேர்ந்த சொற்கள். இந்த வாரத் தலைப்பு ‘பிறரை மட்டம் தட்டும் சொற்கள்’. என்னைக் கேட்டு வைத்தது போலவே இருக்கிறது! இன்எப்ட் — லாயக்கில்லாத. இன்சிப்பிட் — உப்புச்சப்பில்லாத. இன்சிக்னிஃபிகண்ட் — ஒரு பொருட்டே இல்லாத. ஒவ்வொன்றுக்கும் புதுசை நினைத்துக்கொண்டு படித்தேன். நாற்பது சொல்லும் இரண்டே நாளில் மனப்பாடம்.

மார்ச் 5, புதன்

எழுத்து கோணலாக வருகிறது, வரட்டும்.

மத்தியானம் மேடம் கூப்பிட்டு ஒரு உறையை நீட்டினார். “உனக்குத்தான் பரிந்துரை எழுதியிருக்கேன். படிச்சுப் பாத்துட்டு, வெள்ளிக்கிழமைக்குள்ள விண்ணப்பத்தோட சேத்து மேல குடுத்துடு.” சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. கழிப்பறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டு பிரித்தேன்.

ஐந்து வரி. பதினான்கு வருடம், நேரம் தவறாதவர், பொறுமைசாலி — நாலு வரி சரளமாகப் புரிந்தது. கர்வமாகக்கூட இருந்தது. ஐந்தாவது வரியில், இந்தப் பிரிவில் என் வேலை ‘இன்வேல்யூபிள்’ என்று எழுதியிருந்தார்.

இன் — இல்லை. வேல்யூ — மதிப்பு.

மதிப்பில்லாதது.

எப்படி மனசு வந்துச்சு? பதினாலு வருஷம்! நாலு வரி தடவிக் குடுத்துட்டு அஞ்சாவது வரியில குழி பறிக்கறாங்க. புதுசுக்குத்தான்னு முடிவு பண்ணியாச்சு, அதுக்கு என் தலையில எதுக்கு மிளகாய் அரைக்கணும்? இவளுக்கு எங்க இங்கிலீஷ் புரியப்போகுதுங்கற தைரியம். ‘படிச்சுப் பாரு’ன்னு வேற சொல்றாங்க!

மார்ச் 6

வீட்டுக்காரரிடம் சொல்லி அழுதேன். “அந்தம்மா அப்படி எழுதறவங்க இல்லையே. யார்கிட்டயாவது காட்டிக் கேளேன்” என்றார். யாரிடம் போய்க் கேட்பது? புதுசிடமா? அதற்கு வேலையை விட்டுவிட்டு வீட்டில் இருந்துவிடலாம். அகராதியாவது பாரேன் என்றார். ஒரு மாதம் தலையை உடைத்துக்கொண்டு படித்தவளுக்கு ‘இன்’னுக்கு அர்த்தம் தெரியாதா?

மார்ச் 7, வெள்ளி

கொடுக்கவில்லை. விண்ணப்பம், கடிதம் இரண்டையும் கிழித்துப் போட்டேன்.

மார்ச் 28, வெள்ளி

மேடத்துக்குப் பிரிவு உபசாரம். அடுத்த தலைவர் புதுசு என்று நேற்றே சுற்றறிக்கை வந்துவிட்டது. எனக்குத் தெரிந்த கதைதானே.

“நீங்கதான் சீனியர், மேடத்தைப் பத்தி நாலு வார்த்தை சொல்லுங்க” என்று கணக்குப் பிரிவுக்காரர் என்னை எழுப்பிவிட்டார். எழுந்தேன். “மதிப்பில்லாதவங்க பேசி என்ன ஆகப்போகுது? மதிப்பு இருக்கறவங்க பேசட்டும்” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். ஒருவரும் கை தட்டவில்லை. மேடம் முகம் செத்துப்போனது. போகும்போது என் மேசைப் பக்கம் வந்தார். நான் குனிந்து இழுப்பறையைத் துழாவிக்கொண்டிருந்தேன். சற்று நின்றுவிட்டுப் போய்விட்டார்.

நல்லா வேணும்.

ஏப்ரல் 6, ஞாயிறு

பாதியில் விட்டால் புதுசு ஜெயித்த மாதிரி ஆகிவிடும் என்று மறுபடி புத்தகத்தை எடுத்தேன். அடுத்த தலைப்பு ‘பிறரைப் புகழும் சொற்கள்’.

முதல் சொல்லே அதுதான்.

இன்வேல்யூபிள் — விலைமதிப்பற்ற.

அச்சுப் பிழை என்றுதான் முதலில் நினைத்தேன். பக்கத்து வீட்டில் போய் அகராதி வாங்கி வந்து பார்த்தேன். அதிலும் அதேதான். மதிப்புப் போட முடியாத அளவு உயர்ந்தது.

ஐயோ, தமிழிலும் அப்படித்தானே இருக்கிறது! விலைமதிப்பு ‘அற்ற’. நான் எழுதும் ஒவ்வொரு பதிலையும் ‘தங்கள் விலைமதிப்பற்ற ஆதரவுக்கு நன்றி’ என்றுதானே முடிக்கிறேன்? பதினான்கு வருடத்தில் ஒரு ஆளாவது, என்னை மதிப்பில்லாதவன் என்று திட்டிவிட்டாய் என்று சண்டைக்கு வந்திருக்கிறாரா? ஆங்கிலம் வராதவள் என்றால் போகட்டும். எனக்குத் தமிழுமா வராமல் போனது? அந்த அம்மாவை நிற்க வைத்து, அத்தனை பேர் முன்னாடி... என் நாக்குல சூடு போட.

ஏப்ரல் 7

தலைவலி என்று விடுப்பு. புதுசிடம்தான் கேட்க வேண்டியிருந்தது. உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொன்னாள்.

ஏப்ரல் 11, வெள்ளி

சாப்பாட்டு நேரத்தில் படிக்கட்டில் உட்கார்ந்து மேடத்துக்குப் போன் செய்தேன். எல்லாவற்றையும் சொல்லி மன்னிப்புக் கேட்கத்தான் செய்தேன். “சொல்லும்மா” என்று அவர் குரல் கேட்டதும், “லெட்டர் தொலைஞ்சுபோச்சு மேடம். பிரிச்சுப் படிக்கவே இல்ல. அந்தப் பதட்டத்துலதான் அன்னிக்கு ஏதோ உளறிட்டேன்” என்று வாயில் வந்துவிட்டது. படித்தும் புரியாதவள் என்பதைவிட, பத்திரமாக வைக்கத் தெரியாதவள் என்றே இருந்துவிட்டுப் போகிறேன் என்று நினைத்தேனோ என்னவோ.

“அப்பவே மேல விசாரிச்சேன். நீ விண்ணப்பமே தரலைன்னாங்க. உனக்கு இஷ்டமில்ல போலன்னுதான் அந்தப் பொண்ணுக்கு எழுதிக் குடுத்தேன்” என்றார்.

கோபமாகச் சொல்லியிருந்தாலாவது பரவாயில்லை. வருத்தமாகத்தான் சொன்னார்.

“என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேம்மா.”

கேட்டிருக்கலாம் மேடம் என்று சொல்லிப் போனை வைத்தேன்.